சாட்பாட் வந்தபின் தேடலும் ஆபீஸ் வேலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 நவம்பர் 30 அன்று ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடி என்ற சாட்பாட்டை, அதாவது கேட்டதற்கு உரையாடல் போலப் பதில் எழுதும் மென்பொருளை, எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதற்குப் பிறகு இணையத்தில் தேடுகிற பழக்கமும், கடிதம், அறிக்கை, கணக்கு என்று ஓடுகிற அலுவலக வேலையும் வேகமாக மாறிவருகின்றன. கணக்கு எழுதுபவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், சொந்தமாக இணையதளம் நடத்துபவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சாட்பாட், தேடுபொறி இரண்டும் ஒன்றுதானே? எதைக் கேட்டாலும் பதில் வருகிறதே?

வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். உள்ளே நடப்பது வேறு.

தேடுபொறி ஏற்கெனவே இருக்கிற பக்கங்களைக் கண்டுபிடித்து வரிசைப்படுத்துகிறது. 1998-ல் லாரி பேஜும் செர்கே பிரினும் கூகுளைத் தொடங்கியபோது அவர்கள் கையில் இருந்த முக்கியமான யோசனை இதுதான்: ஒரு பக்கத்துக்கு வேறு எத்தனை பக்கங்கள் இணைப்புக் கொடுக்கின்றன, அந்தப் பக்கங்களின் மதிப்பு என்ன என்று பார்த்து, அதற்கேற்ப மேலே கீழே வைப்பது. எதைத் திறப்பது, எதை நம்புவது என்ற முடிவு நம்மிடமே இருந்தது.

சாட்பாட்டுக்குப் பின்னால் இருப்பது 'மொழி மாதிரி' (லாங்குவேஜ் மாடல்). 2017-ல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் என்ற வடிவமைப்பில்தான் இன்று பேசப்படும் மாதிரிகளில் பெரும்பாலானவை நிற்கின்றன. கோடிக்கணக்கான பக்கங்களைப் படிக்கவைத்து, இதுவரை வந்த சொற்களுக்குப் பிறகு எந்தச் சொல்துண்டு வர வாய்ப்பு அதிகம் என்று கணிக்கப் பழக்குகிறார்கள். நீங்கள் கேள்வி கேட்கும்போது அது எந்தப் பக்கத்தையும் எடுத்துக் காட்டவில்லை. பொருத்தமாக ஒலிக்கும் வாக்கியத்தைத் துண்டு துண்டாக எழுதிக்கொண்டே போகிறது.

இந்த வித்தியாசத்தால் நமக்கு ஒரு பெரிய இழப்பு இருக்கிறது. தேடல் பக்கத்தில் 'இதை யார் சொன்னது, எப்போது சொன்னது' என்பது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அரசு இணையதளமா, செய்தித்தாளா, யாரோ எழுதிய பின்னூட்டமா என்று முகவரியைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். சாட்பாட் எல்லாவற்றையும் ஒரே குரலில், ஒரே நம்பிக்கையோடு சொல்கிறது. கீழே வரும் பல பதில்களுக்கு வேர் இந்த ஒரு விஷயம்தான்.

அப்படியென்றால் அது இணையத்தைப் பார்ப்பதே இல்லையா?

ஆரம்பத்தில் பார்க்கவில்லை. பயிற்சி முடிந்த தேதிக்குப் பிறகு நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது. இப்போது பெரும்பாலான சாட்பாட்கள் தேவைப்பட்டால் முதலில் இணையத்தில் தேடி, கிடைத்த சில பக்கங்களைப் படித்து, அவற்றை வைத்துப் பதில் எழுதுகின்றன. மைக்ரோசாப்ட் 2023 பிப்ரவரியில் பிங் தேடலுக்குள் இதைக் கொண்டுவந்தது. சாட்ஜிபிடியில் தனித் தேடல் வசதி 2024 அக்டோபர் 31-ல் வந்தது.

பதிலுக்குக் கீழே இணைப்புகள் இருந்தால் அது பெரும்பாலும் தேடிப் பார்த்திருக்கிறது. இல்லாவிட்டால் அனேகமாகப் பழைய ஞாபகத்திலிருந்து எழுதுகிறது. விலை, கடைசித் தேதி, வரி விகிதம், அரசாணை போல மாறிக்கொண்டே இருக்கும் எதைக் கேட்டாலும் இதை முதலில் கவனியுங்கள்.

கூகுளில் தேடினாலே மேலே நீளமாக ஒரு பதில் வந்து நிற்கிறதே, அது என்ன?

அதன் பெயர் ஏஐ ஓவர்வியூ, அதாவது ஏஐ (செயற்கை நுண்ணறிவு) எழுதும் சுருக்கம். 2024 மே மாதம் அமெரிக்காவில் பரவலாக அறிமுகமாகி, அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தது. பக்கங்களின் பட்டியலுக்கு மேலே, அவற்றிலிருந்து சுருக்கிய பதிலை எழுதிக் காட்டுகிறது.

வந்த முதல் வாரங்களிலேயே அது மாட்டிக்கொண்டது. பீட்சாவில் சீஸ் வழுக்காமல் இருக்க என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு, சாஸில் கொஞ்சம் பசை கலக்கச் சொன்னது. தினமும் ஒரு சிறு கல் சாப்பிடலாம் என்றும் சொன்னது. பசை விஷயம் ரெடிட் தளத்தில் பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வேடிக்கையாகப் போட்ட பின்னூட்டம். கல் விஷயம் ஒரு நையாண்டித் தளத்தின் கட்டுரை. அந்தப் பின்னூட்டத்தை நீங்களே திறந்து படித்திருந்தால் ஒரு நொடியில் சிரித்துவிட்டுக் கடந்திருப்பீர்கள். சொன்னவரின் முகம் மறைந்து, கூகுளின் குரலில் அது வந்து நின்றதுதான் பிரச்சினை. அப்புறம் கூகுள் பல திருத்தங்கள் செய்தது. இப்போது அந்த அளவுக்கு மோசமில்லை.

இந்தச் சுருக்கம் வேண்டாம் என்றால், தேடல் முடிவுக்கு மேலே 'எல்லாம், படங்கள், வீடியோக்கள்' என்று இருக்கும் வரிசையில் 'வெப்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சில நேரம் 'மேலும்' என்பதற்குள் ஒளிந்திருக்கும். பழையபடி வெறும் இணைப்புகள் மட்டும் வரும்.

கூகுள் காணாமல் போய்விடுமா?

போகாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பயந்தது உண்மை. சாட்ஜிபிடி வந்த சில வாரங்களில் கூகுளுக்குள் அபாய அறிவிப்பு விடப்பட்டதாகச் செய்திகள் வந்தன. அவசரமாக அறிவித்த பார்ட் சாட்பாட், விளம்பரத்திலேயே ஒரு தவறு செய்தது. சூரியக் குடும்பத்துக்கு வெளியே உள்ள கோளை முதலில் படமெடுத்தது ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி என்றது. அந்தப் படம் 2004-லேயே சிலியில் உள்ள ஐரோப்பிய தொலைநோக்கியால் எடுக்கப்பட்டது. அந்தத் தவறு வெளியே வந்த நாளில் மட்டும் கூகுளின் தாய் நிறுவனத்தின் சந்தை மதிப்பு சுமார் 10,000 கோடி டாலர் சரிந்தது.

2025 மே மாதம் ஆப்பிள் அதிகாரி எடி க்யூ, சஃபாரி உலாவி வழியாக நடக்கும் தேடல்கள் முதன்முறையாகக் குறைந்ததாக நீதிமன்றத்தில் சொன்னார். இன்னொரு பக்கம், தேடலையும் சாட்பாட்டையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவரும் வேலையைக் கூகுளே வேகமாகச் செய்கிறது. அதனால் கூகுள் இருக்கும். பத்து நீல இணைப்புகளைக் காட்டும் கூகுள் எவ்வளவு நாள் இருக்கும் என்பதுதான் கேள்வி.

பதில் அங்கேயே கிடைத்துவிட்டால், இணையதளங்களுக்கு யார் வருவார்கள்?

இந்த மாற்றத்தில் எனக்கு மிகவும் கவலை தருகிற விஷயம் இது.

பியூ ஆய்வு மையம் அமெரிக்காவில் 900 பேரின் 2025 மார்ச் மாத இணையப் பயன்பாட்டை ஆராய்ந்தது. ஏஐ சுருக்கம் இல்லாத தேடல்களில் 15 சதவீதம் முறை ஏதாவது ஒரு முடிவைச் சொடுக்கினார்கள். சுருக்கம் இருந்தபோது அது 8 சதவீதமாகக் குறைந்தது. சுருக்கத்துக்கு உள்ளேயே கொடுத்திருந்த ஆதார இணைப்பைச் சொடுக்கியது வெறும் 1 சதவீதம். விக்கிமீடியா அறக்கட்டளையும் 2025 அக்டோபரில், மனிதர்கள் விக்கிப்பீடியா பக்கங்களைப் பார்ப்பது முந்தைய ஆண்டைவிடச் சுமார் 8 சதவீதம் குறைந்திருப்பதாகச் சொன்னது.

ஒரு தமிழ்த் தளத்தை நினைத்துப் பாருங்கள். நெல்லில் குலைநோய் வந்தால் என்ன செய்வது, பட்டா மாறுதலுக்கு என்னென்ன காகிதம் வேண்டும், குழந்தைக்குச் சளி பிடித்தால் எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருப்பார். மாதம் சில ஆயிரம் ரூபாய் விளம்பர வருமானமோ, நாலு பேர் படித்து நன்றி சொல்வதோதான் அவருக்குக் கிடைப்பது. சாட்பாட் அதைப் படித்துச் சுருக்கிச் சொல்லிவிடுகிறது. படிப்பவர் அந்தப் பக்கத்துக்கு வருவதில்லை. எழுதியவருக்கு வருமானமும் இல்லை, யாராவது படித்தார்களா என்ற தகவலும் இல்லை. ஒரு கட்டத்தில் எழுதுவதை நிறுத்திவிடுவார்.

ஆங்கிலத்தில் ஒரு தளம் மூடினால் அதே விஷயம் நூறு இடத்தில் இருக்கும். தமிழில் சில விஷயங்களுக்கு ஒரே ஒரு நல்ல பக்கம்தான் இருக்கிறது. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை இத்தனை ஆண்டுகளாக வளர்த்திருப்பது தன்னார்வலர்கள். நாளைக்கு வரும் சாட்பாட் தமிழில் நல்ல பதில் சொல்ல வேண்டுமென்றாலும், இன்றைக்கு மனிதர்கள் தமிழில் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஊற்றை வற்றவைத்துவிட்டு எங்கிருந்து இறைப்பது?

இது நீதிமன்றங்களுக்கும் போயிருக்கிறது. நியூயார்க் டைம்ஸ் 2023 டிசம்பரிலும், ஏஎன்ஐ செய்தி நிறுவனம் 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்திலும் ஓப்பன்ஏஐ மீது வழக்குத் தொடுத்தன. பெரிய நிறுவனங்கள் வழக்காடலாம், ஒப்பந்தம் போடலாம். சிறிய தளக்காரர்களுக்கு இரண்டும் எட்டாது. நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சாட்பாட் பதிலில் ஒரு தளத்தின் இணைப்பு இருந்து, பதில் உங்களுக்குப் பயன்பட்டிருந்தால், அந்த இணைப்பைத் திறந்து படியுங்கள். பதில் சரிதானா என்று பார்த்தது போலவும் ஆகும்.

அது சொல்வது சரியா தவறா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதனிடமே கேட்காதீர்கள். இதுதான் முதல் விதி. 2023-ல் நியூயார்க்கில் ஏவியான்கா விமான நிறுவனத்துக்கு எதிரான ஒரு வழக்கில், வழக்கறிஞர் ஒருவர் சாட்ஜிபிடி தந்த முன் தீர்ப்புகளை மனுவில் சேர்த்தார். சந்தேகம் வந்தபோது, இவை உண்மையான வழக்குகளா என்று சாட்ஜிபிடியிடமே கேட்டார். உண்மைதான் என்றது. ஆறு வழக்குகள் எங்கேயும் நடக்காதவை. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது.

ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியமும் பிபிசியும் சேர்ந்து 2025 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வில், 18 நாடுகளில் 14 மொழிகளில் செய்திகள் பற்றிக் கேட்டுப் பார்த்தார்கள். 45 சதவீதப் பதில்களில் குறைந்தது ஒரு பெரிய குறையாவது இருந்தது. 31 சதவீதத்தில் ஆதாரம் காட்டுவதிலேயே கோளாறு.

நான் பரிந்துரைக்கும் முறை எளிது. பதிலில் உள்ள பெயர், எண், தேதி, சட்டப்பிரிவு, மேற்கோள் ஆகியவற்றை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் அதன் மூலத்தைத் திறந்து பாருங்கள். இணைப்பு கொடுத்திருந்தால் அந்தப் பக்கம் உண்மையில் அப்படிச் சொல்கிறதா என்று படியுங்கள். இணைப்பு சரியாக இருந்து, அதில் அந்தத் தகவலே இல்லாமல் இருப்பது அடிக்கடி நடக்கிறது. மற்ற விளக்க வாக்கியங்களில் தவறு இருந்தால் படிக்கும்போதே ஓரளவு தட்டுப்படும். எண்ணிலும் பெயரிலும் வரும் தவறு தட்டுப்படவே படாது.

எதைத் தேடுபொறியில் தேடுவது, எதைச் சாட்பாட்டிடம் கேட்பது?

மூலம் முக்கியம் என்றால் தேடுபொறி. மருந்தின் அளவு, விண்ணப்பக் கடைசித் தேதி, ரயில் நேரம், வாடிக்கையாளர் சேவை எண் இவற்றுக்கெல்லாம் உரிய தளத்துக்கே போங்கள். போலி சேவை எண்களை வைத்து நடக்கும் மோசடிகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

என்ன தேடுவது என்றே தெரியாத நிலையில் சாட்பாட் பெரிய உதவி. 'வீட்டில் மின்விசிறி போட்டால் மட்டும் ரேடியோவில் இரைச்சல் வருகிறது' என்று சொந்த வார்த்தையில் விவரித்தால், அதற்குரிய தொழில்நுட்பப் பெயரையும் என்னென்ன காரணங்கள் இருக்கலாம் என்பதையும் சொல்லும். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு தேடுபொறிக்குப் போகலாம்.

அலுவலகத்தில் நிஜமாகவே நேரம் மிச்சமாகிறதா?

வேலையைப் பொறுத்தது. இதைப் பற்றி நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றின் முடிவுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது போலத் தெரியும். கூர்ந்து பார்த்தால் முட்டவில்லை.

2023-ல் எம்ஐடி ஆய்வாளர்கள் இருவர் 453 பட்டதாரிப் பணியாளர்களுக்கு எழுத்து வேலை கொடுத்தார்கள். சாட்ஜிபிடி பயன்படுத்தியவர்களுக்கு நேரம் 40 சதவீதம் குறைந்தது, தரம் 18 சதவீதம் கூடியது. அதே ஆண்டு, 5,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் சேவைப் பணியாளர்களை ஆராய்ந்த இன்னொரு ஆய்வில், ஏஐ உதவியோடு சராசரியாக 14 சதவீதம் அதிகமாக வேலை முடிந்தது. புதியவர்களுக்கு அது 34 சதவீதம். பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்குப் பெரிய பலன் இல்லை.

பாஸ்டன் கன்சல்டிங் குழுமத்தின் 758 ஆலோசகர்களை வைத்து நடந்த ஆய்வு இன்னும் முக்கியமானது. ஏஐ நன்றாகச் செய்யும் வகை வேலைகளை அவர்கள் 25 சதவீதம் வேகமாக முடித்தார்கள். ஆனால் ஏஐயின் எல்லைக்குச் சற்று வெளியே இருக்கும்படி வடிவமைத்த ஒரு வேலையில், ஏஐயைப் பயன்படுத்தியவர்கள் சரியான விடைக்கு வரும் வாய்ப்பு 19 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது என்பதுதான் சிக்கல். 2025-ல் மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு, தங்கள் நிரலை நன்கு அறிந்த 16 அனுபவசாலி நிரலாளர்களை வைத்துச் சோதித்தது. ஏஐயோடு அவர்களுக்கு 19 சதவீதம் அதிக நேரம் ஆனது. அவர்களோ 20 சதவீதம் வேகமாக முடித்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். மிச்சமானது போன்ற உணர்வையும் உண்மையில் மிச்சமான நேரத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

எனக்குப் புரிந்த அளவில், வெற்றுத் தாளிலிருந்து முதல் வரைவு வரை போகும் நேரம் நன்றாகக் குறைகிறது. சரிபார்க்கும் நேரம் கூடுகிறது. உங்கள் வேலையில் எது அதிகம் என்பதைப் பொறுத்து லாபமா நஷ்டமா என்பது மாறும்.

சிறிய ஆபீசில் இது எப்படிப் பயன்படும்? ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

மாதாமாதம் ஜிஎஸ்டி தளம் தரும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையைக் கொள்முதல் பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதை எடுத்துக்கொள்வோம். நமக்குச் சரக்கு விற்றவர் தன் கணக்கில் பில்லை ஏற்றினால்தான் அது 2பி-யில் வரும். அதில் வந்தால்தான் நாம் கட்டிய வரியை வரவு எடுக்க முடியும். அதனால் ஒவ்வொரு பில்லையும் ஒப்பிட்டாக வேண்டும்.

2பி-யில் பில் எண் 'ஏகே/0045/25-26' என்று இருக்கும். நம் பதிவேட்டில் அதையே வெறும் '45' என்று அடித்திருப்பார்கள். வரித்தொகையில் சில்லறையை முழுமையாக்கியதால் ஒரு ரூபாய் வித்தியாசம் இருக்கும். எக்செல் இரண்டையும் வேறு வேறு என்றே காட்டும். நானூறு பில் இருந்தால் கண்ணால் பார்த்துத் தீர்ப்பதற்குள் இரண்டு நாள் ஓடிவிடும்.

இங்கே சாட்பாட்டிடம் பில்களைக் கொட்டி 'ஒப்பிட்டுச் சொல்' என்று கேட்பது தவறான வழி. நீளமான பட்டியலில் அது வரிகளை விட்டுவிடும், கூட்டலில் தப்புச் செய்யும், எதை விட்டது என்றும் தெரியாது. அதனிடம் ஃபார்முலா கேளுங்கள். 'முதல் தாளில் விற்றவரின் ஜிஎஸ்டி எண், பில் எண், வரித்தொகை மூன்றும் இந்தப் பத்திகளில் இருக்கின்றன. பில் எண்ணில் இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவிலுள்ள எண்ணை மட்டும் எடுத்து, முன்னாலுள்ள பூஜ்யங்களை நீக்கி, இரண்டாம் தாளோடு பொருத்த வேண்டும். வரியில் ஒரு ரூபாய் வரை வித்தியாசம் இருக்கலாம்' என்று நம் மொழியிலேயே விவரித்தால் போதும். இரண்டு, மூன்று முறை திருத்தியபின் வேலை செய்யும் ஃபார்முலா கையில் இருக்கும். கணக்கை எக்செல் போடும். எங்கே எப்படி வந்தது என்று ஒவ்வொரு கட்டத்தையும் திறந்து பார்க்கலாம். ஜிஎஸ்டி எண்களைக் கொடுக்கவும் தேவையில்லை. கற்பனையாக ஐந்து வரி கொடுத்தால் போதும்.

பிறகும் ஆள் வேண்டும். ஒரே விற்பனையாளர் ஏகே, பிகே என்று இரண்டு வரிசையில் பில் போடுபவராக இருந்தால், இரண்டிலும் 45 இருக்கும். தொகையும் ஒட்டி வந்தால் ஃபார்முலா தவறான பில்லோடு பொருத்திவிடும். அந்த விற்பனையாளரை மூன்று வருடமாகத் தெரிந்த கணக்கருக்குத்தான் இது உடனே உறைக்கும்.

ஏஐ செய்த தவறுக்குப் பொறுப்பு யார்?

பயன்படுத்தியவர். கனடாவில் ஒரு பயணி, பாட்டி இறந்ததால் அவசரமாகப் பயணம் செய்ய ஏர் கனடா தளத்தில் துக்கக் கட்டணச் சலுகை பற்றி விசாரித்தார். பயணம் செய்திருந்தாலும், டிக்கெட் எடுத்த 90 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம் என்று சாட்பாட் சொன்னது. நிறுவனத்தின் விதியில் அப்படி இல்லை. வழக்கு வந்தபோது, தன் சாட்பாட்டின் பேச்சுக்குத் தான் பொறுப்பல்ல என்கிற மாதிரி நிறுவனம் வாதாடியது. பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. 2024 பிப்ரவரியில், பயணிக்குச் சுமார் 812 கனடிய டாலர் தரச் சொன்னது.

2025 அக்டோபரில் டெலாய்ட் நிறுவனம், ஆஸ்திரேலிய அரசுக்குச் சுமார் 4,40,000 ஆஸ்திரேலிய டாலருக்குத் தயாரித்த அறிக்கையில் இல்லாத ஆய்வுக் கட்டுரைகளும், நீதிபதி சொல்லாத ஒரு மேற்கோளும் இருந்ததால், பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்தில் எத்தனை பேர் கைமாறியிருக்கும் அந்த அறிக்கை! யாராவது ஒருவர் அந்த மேற்கோளைத் தீர்ப்பில் தேடியிருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

ஆகவே, உங்கள் கையெழுத்தில் போகும் எதையும் நீங்களே முழுதாகப் படியுங்கள்.

ஆபீஸ் கோப்புகளை அதில் ஏற்றலாமா?

நிறுவனம் எழுத்துபூர்வமாக அனுமதித்த கருவியில் மட்டும். சொந்தக் கணக்கில், இலவசச் சேவையில் ஏற்றாதீர்கள். 2023-ல் சாம்சங் ஊழியர்கள் சிலர் நிறுவனத்தின் நிரலைச் சாட்ஜிபிடியில் ஒட்டியது தெரியவந்து, அந்த ஆண்டு மே மாதம் இத்தகைய கருவிகளுக்கே அந்நிறுவனம் தடை போட்டது. நம் மத்திய நிதி அமைச்சகமும் 2025 ஜனவரி 29 தேதியிட்ட சுற்றறிக்கையில், அலுவலகக் கணினிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைத் தவிர்க்கச் சொன்னது. கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில், மாவட்ட நீதிமன்றங்களில் தீர்ப்பு எடுப்பதற்கு ஏஐயைப் பயன்படுத்தக் கூடாது என்று கொள்கையே வகுத்தது.

வாடிக்கையாளரின் ஆதார், பான், வங்கி விவரம், நோயாளியின் அறிக்கை, சம்பளப் பட்டியல் இவை எதுவும் அங்கே போகக் கூடாது. பெயரை அழித்துவிட்டுப் போடலாமா என்று கேட்பார்கள். சின்ன ஊரில் வயது, தெரு, தொழில் மூன்றும் இருந்தால் பெயர் தேவையே இல்லை.

எங்கள் வேலை போய்விடுமா?

மனதில் பட்டதை நேராகச் சொல்கிறேன். ஒட்டுமொத்தமாக வேலைகள் காலியாகிவிட்டதாகக் காட்டும் கணக்கு இதுவரை இல்லை. டென்மார்க்கில் சுமார் 25,000 பணியாளர்களை ஆராய்ந்தபோது, சம்பளத்திலோ வேலை நேரத்திலோ குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை.

ஆனால் நுழைவாசலில் அடி விழத் தொடங்கியிருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அமெரிக்கச் சம்பளப் பதிவுகளை வைத்து 2025 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வில், ஏஐ அதிகம் தொடும் தொழில்களில் 22 முதல் 25 வயதுள்ளவர்களின் வேலைவாய்ப்பு, மற்றவர்களோடு ஒப்பிட்டால் 13 சதவீதம் குறைந்திருந்தது. அதே தொழில்களில் அனுபவம் உள்ளவர்களுக்கு அப்படி ஆகவில்லை. சென்னையிலும் கோவையிலும் கல்லூரி முடித்து ஐடி, பிபிஓ நிறுவனங்களின் கதவைத் தட்டும் பிள்ளைகளை நினைத்தால் இது சாதாரண விஷயமாகத் தெரியவில்லை. டிசிஎஸ் 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, காரணம் ஏஐ இல்லை, திறன் பொருந்தாததுதான் என்று அதன் தலைமைச் செயல் அதிகாரி கே. கிருத்திவாசன் சொன்னார். அந்தத் திறன் பட்டியலே ஏஐயால் மாறிக்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எதிர்த் திசையிலும் ஒன்று நடந்தது. ஸ்வீடனின் கிளார்னா நிறுவனம், தன் சாட்பாட் 700 பேர் வேலையைச் செய்வதாக 2024 பிப்ரவரியில் அறிவித்தது. அடுத்த ஆண்டே, செலவை மட்டும் பார்த்ததில் தரம் குறைந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு, வாடிக்கையாளர் சேவைக்கு மனிதர்களை மறுபடி எடுக்கத் தொடங்கியது.

முதலாளிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. புதியவர்கள் செய்யும் சில்லறை வேலைகளில்தான் அவர்கள் தொழிலைக் கற்றுக்கொள்கிறார்கள். பில் ஒப்பிட்டு, கூட்டக் குறிப்பு எழுதி, கடிதம் திருத்தித்தான் ஒரு கணக்கர் பத்து வருடத்தில் மேலாளர் ஆகிறார். அந்த வேலையை ஏஐயிடம் கொடுத்தாலும், சரிபார்க்கும் வேலையைப் புதியவரிடம் கொடுங்கள், பக்கத்தில் ஒரு மூத்தவரை உட்காரவையுங்கள். இல்லாவிட்டால் இன்னும் சில வருடத்தில், ஏஐ செய்ததில் தப்பு எது என்று சொல்லத் தெரிந்த ஆளே ஆபீசில் இருக்க மாட்டார்.

தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் கிடைக்கும் அளவுக்குப் பதில் வருமா?

முன்பைவிட நன்றாக வருகிறது, ஆனால் இன்னும் இடைவெளி இருக்கிறது. ஒரு காரணம், பயிற்சிக்குக் கிடைத்த தமிழ்ப் பக்கங்கள் குறைவு. இன்னொன்று, மாதிரிகள் எழுத்தை 'டோக்கன்' என்ற துண்டுகளாக உடைத்துப் படிக்கின்றன. ஆங்கிலச் சொற்கள் பெரிய துண்டுகளாகவும் தமிழ்ச் சொற்கள் பொடிப்பொடியாகவும் உடைந்தன. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற புதிய மாதிரி வந்தபோது ஓப்பன்ஏஐ உதாரணமாகக் காட்டிய பத்தி, பழைய முறையில் ஆங்கிலத்தில் 27 துண்டு, தமிழில் 116. புதிய முறையில் தமிழ் 35-ஆகக் குறைந்தது, ஆங்கிலம் 24 ஆனது. துண்டு குறைந்தால் செலவு குறையும், வேகம் கூடும், நீளமான தமிழ் ஆவணத்தையும் ஒரே மூச்சில் படிக்க முடியும். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு போன்றவர்கள் இந்திய மொழிகளுக்கான தரவையும் மாதிரிகளையும் பொதுவில் உருவாக்கித் தருவதும் பெரிய கை கொடுத்திருக்கிறது.

அலுவலகக் கடிதம், சுருக்கம், எளிய விளக்கம் ஆகியவற்றுக்குத் தமிழிலேயே தாராளமாகக் கேளுங்கள். நில ஆவணம், அரசாணை, வட்டார வழக்கு, பழந்தமிழ் இலக்கியம் என்று போனால் கவனம் வேண்டும். செய்யுளைக் கேட்டால், யாரும் எழுதாத வரியைப் புலவர் பெயரோடு தந்துவிடும். தமிழ்நாட்டு நில நடைமுறையைக் கேட்டால் வேறு மாநில விதியைக் கலந்து சொல்லலாம். 'தமிழ்நாடு' என்று கேள்வியிலேயே எழுதுங்கள், பதிலை அரசுத் தளத்தில் ஒருமுறை பாருங்கள்.

இவ்வளவு செலவாகிற சேவையை ஏன் இலவசமாகத் தருகிறார்கள்?

பழக்கப்படுத்தத்தான். சென்னையில் பிறந்து ஐஐடி மெட்ராஸில் படித்த அரவிந்த் ஸ்ரீனிவாஸ் தலைமையிலான பெர்ப்ளெக்சிட்டி என்ற ஏஐ தேடல் நிறுவனம், 2025 ஜூலையில் ஏர்டெல்லின் 36 கோடி வாடிக்கையாளர்களுக்குக் கட்டணச் சேவையை ஓராண்டு இலவசமாக அறிவித்தது. அக்டோபர் கடைசியில் கூகுள், தன் ஜெமினி சாட்பாட்டின் கட்டணச் சேவையை ஜியோ வழியாக 18 மாதம் இலவசமாகத் தந்தது. நவம்பர் 4 முதல் ஓப்பன்ஏஐ, சாட்ஜிபிடி கோ என்ற கட்டணத் திட்டத்தை இந்தியாவில் ஓராண்டு இலவசமாக்கியது. நம் மக்கள்தொகையும், நாம் பல மொழிகளில் கேட்கும் கேள்விகளும் அவர்களுக்கு மதிப்புள்ளவை.

இத்தகைய சலுகை கிடைத்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள், தவறில்லை. பதிவு செய்யும்போது கார்டோ யுபிஐயோ கேட்டால், தானாகப் பணம் எடுக்கும் அனுமதி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பார்த்து நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அமைப்புகளுக்குள் போய், உங்கள் உரையாடலை மாதிரியின் பயிற்சிக்குப் பயன்படுத்தும் அனுமதி போடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வேண்டாமென்றால் அங்கேயே எடுத்துவிடலாம்.